ஸ்லோ குக்கரில் ராத்திரிச் சாப்பாடு: வேலூர்ப் பக்கத்து வேலைநாட்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை எட்டு மணிக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ, காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னைக்கோ போகிறவர்கள் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். அந்த வீடுகளில் ராத்திரிக்குப் பெரும்பாலும் தோசையும் இட்லிப்பொடியும்தான். எலும்புக் குழம்பு, எலும்பும் பருப்பும் சேர்ந்த தால்சா, காராமணிக் குழம்பு மாதிரி நேரம் பிடிக்கிற சமையல் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறது. மெதுவான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கிற மின்சாரச் சட்டியான ஸ்லோ குக்கர் கைகொடுப்பது இங்கேதான். வேகவைக்கிற நேரத்தை நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தோடு அது சேர்த்துவிடுகிறது.

ஆனால் வாங்கிய பலர் இரண்டு தடவை செய்துபார்த்துவிட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். குழம்பு நீர்த்துப்போய், வெங்காயம் பூண்டு பச்சை வாசனை போகாமல், பருப்பு கொட்டைகொட்டையாக நின்றுவிடும். எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடினால் வருவது அதுதான். நம் குழம்பில் வதக்குவது ஒரு வேலை, வேகவைப்பது ஒரு வேலை, புளிவிட்டுக் கொதிக்கவைத்துத் தாளிப்பது ஒரு வேலை. ஸ்லோ குக்கருக்கு நடுவில் இருப்பது மட்டும்தான் தெரியும். முதல் வேலையைக் காலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலும், கடைசி வேலையை வந்த பிறகு கால்மணி நேரத்திலும் கேஸ் அடுப்பில் நீங்களே செய்ய வேண்டும். இந்தப் பிரிவினை பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் அளவுக் கணக்குதான்.

எந்தக் குக்கர், எங்கே வைப்பது

நம் வீட்டில் குக்கர் என்றாலே விசில்தான் நினைவுக்கு வரும். இதில் விசிலும் இல்லை, அழுத்தமும் இல்லை. பீங்கான் சட்டி ஒன்று, அதைச் சுற்றிச் சூடேற்றும் வெளிக்கூடு, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். லோ, ஹை என்று இரண்டு சூடு இருக்கும். பல குக்கர்களில் வார்ம் என்று மூன்றாவதும் உண்டு. லோவும் ஹையும் கடைசியில் எட்டுகிற சூடு ஏறக்குறைய ஒன்றே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹையில் சீக்கிரம் எட்டும், லோவில் மெதுவாக எட்டும். ஹையில் 4 மணி நேரம் ஆவது லோவில் 7, 8 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். வார்மில் எதையும் வேகவைக்கக் கூடாது. வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே அது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 3.5 லிட்டர் போதும். சட்டி பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிரம்பியிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஓரம் தீய்ந்துபோகும். நிறைந்தால் நடுவில் சூடு ஏறவே மதியம் ஆகிவிடும். விருந்தாளிக்காகப் பெரியதாக வாங்கி, தினமும் கால் சட்டி மட்டும் வைப்பவர்களுக்குக் குழம்பு அடிப்பிடிப்பது இதனால்தான்.

ஸ்லோ குக் பொத்தான் உள்ள எலக்ட்ரிக் மல்டி குக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்துபார்ப்பது நல்லது. அதில் சூடு அடியிலிருந்து மட்டுமே வரும். சிலவற்றில் லோ என்பது போதவே போதாது. பாதிச் சட்டி தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்ததும் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 85 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அந்த லோவில் கறி வேகவைக்காதீர்கள். அதற்கு மேல்நிலைச் சூட்டையே வையுங்கள்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேடையில் கேஸ் அடுப்புக்கு எட்டாத மூலையில் வையுங்கள். பிளக்கைச் சுவர் சாக்கெட்டிலேயே சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மணிக்கணக்கில் ஓடுகிற சாதனம் இது; தளர்ந்த சாக்கெட் சூடாகிக் கருகும். மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. குக்கரின் அடியில் வாட் எண் ஒட்டியிருக்கும். 200 வாட் என்றால் 8 மணி நேரத்துக்கு 1.6 யூனிட். மாதம் 20 நாள் வைத்தால் 32 யூனிட், இரண்டு மாத பில்லில் 64.

கரண்ட் போனால்

இதைச் சமையலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்தடை என்று அறிவிப்பு வருகிற நாளில் குக்கரை வைக்காதீர்கள். அறிவிப்பில்லாமல் போவதுதான் உண்மையான தலைவலி. பொத்தான் வைத்த டிஜிட்டல் குக்கர்களில் பல, கரண்ட் போய் வந்தால் அணைந்தே கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் தெரிந்துவிடும். திருகு வைத்த குக்கர் கரண்ட் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்ப ஓடும். மதியம் மூன்று மணி நேரம் நின்றிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் திருகுக் குக்கர் வைத்திருப்பவர்கள், கரண்ட் போனால் நேரம் அழிந்துவிடுகிற ஏதாவது ஒன்றைக் கவனிக்கப் பழகுங்கள். மைக்ரோவேவ் அவனின் கடிகாரம் போதும். அது 12:00 என்று மினுக்கிக்கொண்டிருந்தால் நடுவில் கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால் கறி போட்ட சட்டியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். சில கிருமிகள் விட்டுவைக்கிற நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. வாசனை நன்றாக இருக்கிறதே என்று பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, குக்கர் சொருகிய சாக்கெட் அந்த லைனில் இருந்தால் சிறு தடைகள் பாதிக்காது. 200 வாட் என்பது ஏறக்குறைய மூன்று சீலிங் ஃபேன் சுமை. உங்கள் பேட்டரி அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

தண்ணீரைப் பற்றி

பருப்பு வேகாததற்குக் குக்கரைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். பிரஷர் குக்கரில் அழுத்தம் இருப்பதால் எப்படியோ வெந்துவிடுகிறது. ஸ்லோ குக்கரில் அப்படியே நிற்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில் அதையே விடுங்கள், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். ஊறவைப்பதற்கும் அதே தண்ணீர்தான். வேறு வழியே இல்லையென்றால் ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள்.

புளியும் தக்காளியும் செய்வது இதே வேலைதான். புளிப்பு ஏறினால் பருப்பு இளகாது. அதனால்தான் கீழே சொல்லும் இரண்டு சமையலிலும் புளி மாலையில் வருகிறது, தால்சாவில் தக்காளியும் அப்போதுதான்.

எலும்புத் தால்சா

முதல் சமையலாக இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விருந்துகளில் சாப்பிட்ட நாக்குக்கு ருசி தெரியும்; எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் ஆனாலும் கெடாது; எலும்பு மெதுவாக வேகும்போது அதன் சவ்வு கரைந்து குழம்புக்குத் தருகிற வழவழப்பு விசில் வைத்து எடுத்ததில் இந்த அளவுக்கு வராது.

நான்கு பேருக்கு: கடலைப்பருப்பு முக்கால் ஆழாக்கு, அதாவது சுமார் 100 கிராம். துவரம்பருப்பு 50 கிராம். கொஞ்சம் கறி ஒட்டிய ஆட்டெலும்பு 400 கிராம், நெஞ்செலும்பும் கழுத்தெலும்பும் கலந்து கேளுங்கள். பெரிய வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, தனியாத்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு 2, பச்சை மிளகாய் 3. மாலைக்கு: தக்காளி 2, கத்திரிக்காய் கால் கிலோ, பாதி எலுமிச்சை அளவு புளி, புதினா கொத்தமல்லி ஒரு கைப்பிடி. பட்டை கிராம்பை இதற்கு மேல் போடாதீர்கள். வழக்கமான அளவு போட்டால் எட்டு மணி நேரத்தில் காரம் இறங்கிக் கசப்புத் தட்டும்.

முந்தைய ராத்திரி: வெங்காயத்தை நறுக்கி ஒரு டப்பாவில், கழுவிய எலும்பை இன்னொரு டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பருப்புகளை ஊறப்போட்டு அதையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். சித்திரை வைகாசியில் வெளியே வைத்தால் விடிவதற்குள் நுரைத்துவிடும். நேரம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் பீங்கான் சட்டியிலேயே போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அப்படியே சூட்டில் ஏற்றுவது வேண்டாம். சில்லிட்ட பீங்கான் திடீர்ச் சூட்டில் விரியும். விரிசல் விட்ட சட்டியை ஒட்டவைத்துப் பயன்படுத்த முடியாது.

காலை: ஸ்லோ குக்கரை வெறுமனே ஹையில் போட்டுவிடாதீர்கள். சட்டியில் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பிறகு ஹையில் வையுங்கள். வாணலியில் 2 மேசைக்கரண்டி கடலெண்ணெய் காய்ந்ததும் பட்டை கிராம்பு, பிறகு வெங்காயம். ஓரம் சிவக்கும்வரை வதக்க வேண்டும். மூடிய குக்கரில் ஆவி வெளியே போகாது, அதனால் இங்கே போகாத பச்சை வாசனை பிறகு எங்கேயும் போகாது. இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு ஒரு நிமிடம். எலும்பைப் போட்டு, சிவப்பு மாறி வெளுக்கும்வரை நான்கு நிமிடம் பிரட்டுங்கள். தூள்களைப் போட்டு ஒரே கிளறு, உடனே கொதிக்கிற தண்ணீர் 600 மில்லி. வாணலியின் அடியில் ஒட்டியதை அகப்பையால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள், ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

பீங்கான் சட்டியில் சூடேற்ற வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஊறிய தண்ணீர் வடித்த பருப்பை முதலில் அதன் அடியில் பரப்பி, அதன்மேல் வாணலியில் உள்ளதைச் சுடச்சுட ஊற்றுங்கள். பச்சை மிளகாயும் ஒரு தேக்கரண்டி உப்பும் போடுங்கள். பருப்புக்கு மேல் இரண்டு விரல் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். மூடி, லோவுக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பலாம். சூடாக ஆரம்பிப்பது முக்கியம். குளிர்ந்த கறியை வைத்தால் அது அபாயமான சூட்டைத் தாண்டவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஃபிரீசரில் உறைந்த கறியை ஒருபோதும் நேராகப் போடாதீர்கள். காலையில் எல்லாம் வைத்துவிட்டு மதியம் தானாக ஆரம்பிக்கும்படி டைமர் வைப்பதும் கூடாது, காரணம் அதேதான்.

நடுவில் யாராவது வீட்டில் இருந்தால் மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப வர இருபது நிமிடம், அரைமணி நேரம் பிடிக்கும். நீங்கள் வர பத்து, பதினொரு மணி நேரம் ஆகும் என்றால் 8 மணி நேரத்துக்குப் பிறகு தானாக வார்முக்கு மாறுகிற குக்கர் நல்லது. மாறாத குக்கராக இருந்தாலும் இந்தத் தால்சாவுக்குக் கெடுதல் இல்லை, கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் சரி.

மாலை வந்ததும் புளியை வெந்நீரில் ஊறவையுங்கள். கைகால் கழுவி வருவதற்குள் ஊறிவிடும். கத்திரிக்காய்க்கு, கிடைத்தால் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்குங்கள். வேலூர் முள்ளு கத்திரிக்காய் என்று 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது இதுதான். காம்பிலும் காம்பைச் சுற்றிய இதழிலும் முள் இருக்கும். கத்தரிக்கோலால் அதை முதலில் வெட்டிவிட்டுப் பிடித்தால் விரலில் குத்தாது. நான்காகக் கீறி, அதே வாணலியில் 3 மேசைக்கரண்டி எண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்குங்கள், ஐந்தாறு நிமிடம். காலையிலேயே குக்கரில் போட்டால் இந்தக் காய் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். தக்காளியைச் சேர்த்துக் குழைந்ததும் ஒரு டம்ளர் புளிக்கரைசல் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இப்போது குக்கரைத் திறந்து ஒரு கடலைப்பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் மாவாக நசுங்க வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை; பிரஷர் குக்கரில் மாற்றி இரண்டு விசில் விடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெந்திருந்தால் எலும்பை ஓரமாக ஒதுக்கி, அகப்பையின் முதுகால் பருப்பைப் பாதி மசித்து, எல்லாவற்றையும் வாணலியில் சேர்த்து மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். உப்பு பார்ப்பது இங்கேதான். புதினா, கொத்தமல்லி தூவி இறக்குங்கள். பக்கத்து அடுப்பில் ஆரணிப் பொன்னி அரிசி அதற்குள் வெந்திருக்கும். சோற்றை ஸ்லோ குக்கரில் வைக்க வேண்டாம், மேலே அரிசியும் கீழே கூழுமாகிவிடும்.

காராமணிக் குழம்பு

கறி சாப்பிடாத வீட்டுக்கும், வெள்ளிக்கிழமைக்கும். களிக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பு குறைவு.

காராமணி ஒரு ஆழாக்கை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். காய்ந்த கொட்டை எதுவானாலும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், மொச்சைக்கும் பொருந்தும். ராஜ்மாவுக்கு இது கட்டாயம். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் சூட்டில் அழியாமல் நின்று வாந்தி, வயிற்றுப்போக்கு வரவைக்கும். கொதித்ததை அந்தச் சுடுதண்ணீரோடு குக்கரில் ஊற்றி, பத்துச் சின்ன வெங்காயமும் ஆறு பல் பூண்டும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சேர்த்து, மஞ்சள்தூள் போட்டு லோவில் 7 மணி நேரம் விடுங்கள்.

மாலையில் நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, கத்திரிக்காயை வதக்கி, 3 தேக்கரண்டி குழம்புத்தூளும் எலுமிச்சை அளவு புளிக்கரைசலும் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்த காராமணியைச் சேருங்கள். தேங்காய் அரைத்து விடுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில். தேங்காயையோ தயிரையோ காலையிலேயே குக்கரில் ஊற்றினால் திரிந்து தண்ணீர் தனியாக, திப்பி தனியாக நிற்கும்.

எது ஒத்துவராது

பிராய்லர் கோழி பகல் முழுக்கத் தாங்காது. லோவில் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் போனால் நார்நாராகி, சக்கையாகிவிடும். நாட்டுக்கோழி ஆறேழு மணி நேரம் நிற்கும். மீன், கீரை, முருங்கைக்காய் எதுவும் வேண்டாம். உருளைக்கிழங்கும் கேரட்டும் கறியைவிட மெதுவாக வேகும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சிறிதாக நறுக்கி அடியில் போட வேண்டும். வேறு சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்யும்போது, திறந்த பாத்திரத்துக்குச் சொன்ன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். அப்படியும் நீர்த்துவிட்டால் மூடியில்லாமல் கேஸில் வற்றவிடுவதுதான் வழி. ஸ்லோ குக்கர் மூடியைத் திறந்துவைத்து வற்றவைக்க முயன்றால் ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

ஆளில்லாத வீட்டில் ஓடவிட மனம் வரவில்லையா, ராத்திரி வேலைக்கு அதைப் பழக்குங்கள். ஒன்பது மணிக்கு ஆட்டுக்கால் வைத்தால் விடியற்காலை பாயா ரெடி. தால்சாவையும் இப்படி ராத்திரியில் வேகவைத்து, காலையில் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மாலையில் கத்திரிக்காயும் புளியும் சேர்த்துக் கொதிக்கவிடலாம்.

மிச்சமானதைச் சட்டியிலேயே விட்டு அணைத்துவிட்டுப் படுக்காதீர்கள். கனமான பீங்கான் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்தச் சூடு கெடுவதற்கு ஏற்ற சூடு. அகலமான இரண்டு பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். காலிச் சட்டியில் உடனே குழாய்த் தண்ணீர் பிடிக்காமல், ஆறிய பிறகு ஊறவையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த தால்சா மறுநாள் காலை கெட்டித் தயிர் மாதிரி உறைந்திருக்கும். எலும்புச் சவ்வு கரைந்ததற்கு அதுவே அடையாளம். அதைச் சூடேற்ற ஸ்லோ குக்கரில் வைக்காமல், கேஸில் அரை டம்ளர் சுடுதண்ணீர் விட்டுக் கலக்கி, நடுவிலும் குமிழி வரும்வரை கொதிக்கவிட்டு இட்லிக்கு ஊற்றுங்கள்.